சிறைக் கணக்கில் சேராத பிள்ளைகள்

நம் தேசத்துச் சிறைகளில் 2022ஆம் ஆண்டின் இறுதி நாளன்று 5,73,220 பேர் அடைபட்டிருந்தார்கள் என்றும், அவர்களில் 4,34,302 பேர் தீர்ப்பே பெறாத விசாரணைக் கைதிகள் என்றும், பெண் கைதிகளில் 1,537 பேர் தங்களோடு 1,764 குழந்தைகளை வைத்திருந்தார்கள் என்றும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கை கூறுகிறது. மதிலுக்கு உள்ளே தாயின் மடியில் இருக்கும் சிசுவை ஒன்று விடாமல் எண்ணும் அந்த அறிக்கை, மதிலுக்கு வெளியே பாட்டி வீட்டிலும் சித்தி வீட்டிலும் ஒதுங்கி வாழும் கைதிகளின் பிள்ளைகள் எத்தனை பேர் என்பதைச் சொல்வதில்லை.

உள்ளே இருக்கும் குழந்தைகளின் விஷயத்தில் நீதி ஓரளவு விழித்துக்கொண்டது. ஆர்.டி. உபாத்யாய் வழக்கில் 2006ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், ஆறு வயது வரையில் குழந்தை தாயுடன் இருக்கலாம், அதனைக் கைதியாகப் பாவிக்கலாகாது, சிறையில் பிறக்க நேர்ந்தாலும் பிறப்புப் பதிவில் ‘சிறை’ என்று எழுதாமல் அந்தப் பகுதியின் விலாசத்தையே குறிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது. ஒரு காகிதத்தில் எழுதும் ஒற்றைச் சொல் ஓர் ஆயுட்காலத்தையே களங்கப்படுத்தக்கூடும் என்பதை உணர்ந்து எழுதிய தீர்ப்பு அது. ஆனால் ஆறு பிராயம் நிறைந்து வாசலைத் தாண்டும் அதே குழந்தைக்கும், தகப்பனைப் போலீஸார் அழைத்துச் செல்வதைத் திண்ணையிலிருந்து பார்த்த பிள்ளைக்கும் அத்தகைய பரிவு காத்திருப்பதில்லை.

‘அப்பா துபாய்க்குப் போயிருக்கிறார்’ என்று வீட்டார் சொல்லிக்கொடுக்கும் பொய்யைப் பிள்ளை பெரும்பாலும் நம்புவதில்லை. தனக்குத் தெரியும் என்பதை வீட்டாரிடமும், தகப்பன் எங்கே என்பதை வெளியாரிடமும் மறைத்து, ஒரே சமயத்தில் இரண்டு ரகசியங்களைக் காக்கும் பாரத்தை அந்தச் சின்னஞ்சிறு மனம் சுமக்கிறது. வகுப்பில் ஒரு பேனா காணாமற்போனால் முதலில் எந்தப் பையைத் திறந்து பார்க்கிறார்கள், தெருச் சண்டையில் ‘ஜெயிலுக்குப் போனவன் மகன்தானே’ என்ற வசவு யார் வாயிலிருந்து எவ்வளவு சுலபமாகப் புறப்படுகிறது என்பதை நாம் ஒவ்வொருவரும் நினைத்துப் பார்க்கவேண்டும். தண்டனையை விதிப்பது நீதிமன்றம். தீர்ப்பே வராத வழக்கிலும் இந்த அபவாதத்தை விதிப்பவர்கள் அண்டை அயலாராகிய நாம்.

இவ்வளவுக்கும் இடையில் ஒரு பிள்ளை படித்துத் தேறிவிட்டால், அதன் மனோதிடத்தை மெச்சி மகிழ்கிறோம். அந்தப் பிள்ளை பாராட்டுக்கு உரியதே. ஆனால் அந்தத் திடம் எங்கிருந்து வந்தது என்பதையும் விசாரிக்கவேண்டும். ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர், ரூத் ஸ்மித் என்னும் இரு உளவியலாளர்கள் நடுவயது வரை தொடர்ந்து ஆராய்ந்தபோது, வறுமையும் குடும்பச் சீர்குலைவும் சூழ வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நல்ல நிலையை அடைந்ததைக் கண்டார்கள். அவர்களுக்குப் பெரும்பாலும் பொதுவாயிருந்த ஓர் அம்சம், பெற்றோர் தவறினும் பாட்டியோ அத்தையோ ஆசிரியரோ எவரேனும் ஒருவர் அவர்களைக் கைவிடாமல் பற்றியிருந்தது. ஆகவே பிள்ளையின் உறுதியைப் புகழ்வதோடு நின்றுவிட்டு, அதைத் தாங்கி நிற்கும் பாட்டியின் அடுப்பில் உலை ஏறியதா என்று பாராமலிருப்பது நியாயமன்று.

நம் சட்டங்களில் கருணை அறவே இல்லாமலில்லை. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுத் தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், பிள்ளைகளைப் பள்ளியிலோ கல்லூரியிலோ சேர்ப்பதற்காகவும் கைதிக்கு விடுப்பு அளிக்க இடம் தருகின்றன. எனினும் அந்த விடுப்பு தண்டனை பெற்றவர்களுக்கு உரியது. சிறைவாசிகளில் நான்கில் மூன்று பங்கினரான விசாரணைக் கைதிகளுக்கு அது கிட்டாது. நலிந்த குடும்பத்துப் பிள்ளை வீட்டிலேயே வளர்வதற்கென மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆனால் பேரனையும் கூட்டிக்கொண்டு, சிறையில் இருப்பவரை மனு போட்டுப் பார்க்க வேலூருக்கோ புழலுக்கோ பஸ் ஏறும் மூதாட்டிக்கு அப்படி ஒரு தொகை உண்டென்று யார் சொல்லியிருக்கிறார்கள்?

கைதானவரைப் பற்றி உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் தரவேண்டியது போலீஸாரின் கடமை என்றும், அது நிறைவேறியதா என்று மாஜிஸ்திரேட் உறுதி செய்துகொள்ள வேண்டும் என்றும் இன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டமே விதித்திருக்கிறது. அந்த இடத்தில் இன்னும் ஒரு கேள்வியையும் கட்டாயமாக்கவேண்டும் என்பது என் கோரிக்கை: உன் வீட்டில் குழந்தை இருக்கிறதா, இன்றிரவு அதற்குச் சோறிடுபவர் யார்? விடையைக் குறித்துக்கொண்டு, அன்றைக்கே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு அனுப்பவேண்டும். அங்கிருந்து ஒருவர் வீடு தேடிச் சென்று, உதவித்தொகைக்கான விண்ணப்பத்தை அந்தப் பாட்டியின் முன்னிலையிலேயே பூர்த்தி செய்யவேண்டும். அப்படிச் செல்பவர் சாதாரண உடையில், போலீஸ் துணையின்றிச் செல்லவேண்டும்.