செம்பும் களிம்பும் ஒரு சக்கரமும்

தமிழாசிரியன் என்றால் பழங்காசில் உள்ள எழுத்தையெல்லாம் படித்துவிடுவான் என்றொரு நம்பிக்கை தென்காசி வட்டாரத்தில் இருக்கிறது. முதுகலையில் கல்வெட்டியல் ஒரு தாளாக இருந்ததைத் தவிர அந்த நம்பிக்கைக்கு வேறு ஆதாரம் இல்லை. ஆயினும் காசுகள் நம்மிடம் வந்தவண்ணம் இருக்கின்றன. கொண்டுவருவோர் கேட்பவை இரண்டு: இதைக் கழுவலாமா, இதைக் 'கிரேடிங்'குக்கு அனுப்பினால் விலை கூடுமா. இரண்டாவது கேள்வி அண்மையில் சேர்ந்துகொண்டது. இரண்டுக்கும் வேண்டாம் என்றே விடை சொல்லிவருகிறோம். அந்த 'வேண்டாம்' எதுவரை செல்லும் என்பதைச் சற்று விரித்துச் சொல்லத் தோன்றுகிறது.

நம்மிடம் வருபவற்றுள் பெரும்பாலானவை திருவிதாங்கூர்க் காசுகள். இதில் வியப்பில்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதற்கு முந்தைய மன்னராட்சிக் காலத்தில், சில மைல் இடைவெளியில் இரண்டு நாணய முறைகள் வழங்கின. தென்காசிச் சந்தையில் அணாவும் பைசாவும். செங்கோட்டையில் காசும் சக்கரமும் பணமும். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். பிரிட்டிஷ் ரூபாயோ இருபத்தெட்டரைச் சக்கரம். அந்த அரைச் சக்கரத்தை வைத்துக்கொண்டு எல்லையில் எத்தனை பேரம் நடந்திருக்கும்! பழைய வெள்ளிச் சக்கரங்கள் மிகச் சிறியவை. ஆகையால் குழிகள் வெட்டிய மரப்பலகையில் கொட்டிப் பரப்பித்தான் எண்ணுவார்களாம். ஒருபுறம் சங்கும் மறுபுறம் மன்னர் பெயரின் ஆங்கில முதலெழுத்துகளும் கொண்ட செப்புக்காசுகள் இன்றும் இப்பக்கத்து வீடுகளில் அஞ்சறைப்பெட்டியிலும் பூசையறையிலும் கிடக்கின்றன.

அப்படியொரு செப்புச் சக்கரத்தை மாணவி ஒருத்தி கொணர்ந்தாள். புளி போட்டுத் தேய்த்து, மேலே திருநீறும் வைத்துத் துலக்கியிருந்தாள். "குத்துவிளக்கு துலக்குற மாதிரிதான் சார் துலக்கினேன்" என்றாள். காசு செக்கச்செவேலென்று, நேற்று உருக்கி வார்த்ததுபோல் இருந்தது. சங்கின் வரிகள் பாதி காணவில்லை.

அவளைக் குறை சொல்ல இயலாது. நம் மரபே அவள் பக்கம் இருக்கிறது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் சொல்லப்படும் உவமை செம்பில் களிம்பு. செம்பு உள்ளபோதே களிம்பும் உண்டு. அது நீங்கினால்தான் உயிர்க்கு விடுதலை. இதைப் பாடமாக நடத்திவிட்டு, காசில் மட்டும் களிம்பைப் போற்று என்றால் மாணவர் குழம்பத்தான் செய்வர்.

ஆனால் உலோகத்தின் இயல்பு வேறு. செம்பு காற்றோடும் ஈரத்தோடும் கலந்து முதலில் செம்பழுப்பான ஆக்சைடாகிறது; பிறகு அதன்மேல் பச்சை நிறக் கார்பனேட்டுப் படலம் படர்கிறது. இந்தப் படலம் வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு அன்று. காசின் மேற்பரப்பே அவ்வாறு மாறியிருக்கிறது. நன்கு இறுகிய படலம் உள்ளிருக்கும் செம்புக்குக் காப்பாகவும் நிற்கும். புளியிலுள்ள அமிலம் அதைக் கரைக்கும்போது, அதனுள் உருமாறி நின்ற எழுத்தின் விளிம்பும் கூடவே போய்விடுகிறது. மிச்சத்தைச் சாம்பல் தேய்த்து எடுத்துவிடுகிறது. விளக்கு நாளையும் எரியப்போகிறது, அதைத் துலக்கலாம். காசோ தன் வேலையை முடித்துவிட்டு, வந்த வழியைச் சொல்லும் ஆவணமாக மாறிவிட்ட பொருள்.

துப்புரவு ஆர்வத்தால் ஆவணம் அழிவது இம்மண்ணுக்குப் புதிதன்று. இன்றைய தென்காசி மாவட்டத்திலுள்ள கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் வரகுணபாண்டியரின் ஏட்டுச்சுவடிகள் இருந்தன என்றறிந்து உ.வே.சாமிநாதையர் தேடிச் சென்றார். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து ஆகுதி செய்ய வேண்டும் என்ற சாத்திரப்படி அவை ஓமத்தீயில் இடப்பட்டுவிட்டன என்ற விடையே அவருக்குக் கிடைத்தது. செய்தவர்கள் பக்தியோடுதான் செய்தார்கள். கோயிற்சுவர்களை மணல்வீச்சால் துப்புரவு செய்து கல்வெட்டெழுத்துகளை மழுங்கடித்தவர்களும் குடமுழுக்குக்குச் சுவர் பளிச்சென்றிருக்க வேண்டும் என்றே எண்ணினர். எதிர்ப்புக் கிளம்பிய பின்னரே அம்முறை தடைசெய்யப்பட்டது. பாடபேதங்களைத் 'திருத்தி'ச் செப்பமாக அச்சிட்ட பதிப்பாசிரியர்களைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

எனினும், களிம்பைத் தொடவே கூடாது என்று விதி செய்தால் நமக்குப் பெருவழுதியே கிடைத்திருக்கமாட்டான். சங்ககாலப் பாண்டியரின் சதுரச் செப்புக்காசில், குதிரை உருவத்தோடு தமிழ் பிராமியில் 'பெருவழுதி' என்ற பெயர் இருப்பதை 1980களில் இரா. கிருஷ்ணமூர்த்தி வெளிப்படுத்தினார். பாட்டிலும் தொகையிலும் கேட்டிருந்த ஒரு பெயர் காசில் கிடைத்தது. ஆற்று மணலிலும் வயற்காட்டிலும் ஈராயிரம் ஆண்டு கிடந்த காசு ஒரு மண்கட்டி போலத்தான் கைக்கு வரும். மேலோடு நீங்காமல் எழுத்து தெரியாது. அங்கே துப்புரவு என்பது வாசிப்பின் முதற்படி. அதற்கென்று பயின்றவர், உருப்பெருக்கியின் கீழ், சிறிது சிறிதாகச் செய்ய வேண்டிய வேலை அது. சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் 1930லேயே இதற்கெனத் தனி வேதியியல் ஆய்வகம் தொடங்கப்பட்டது. எழுத்து மறைந்திருந்தால் வல்லுநரிடம் கொடுக்கலாம். தெரிந்துகொண்டிருந்தால் எதற்குக் கழுவ வேண்டும்?

இன்னொரு விதிவிலக்கு நம்மூருக்கு மிகவும் பொருந்துவது. வெளிர்பச்சையில், தொட்டால் உதிரும் மாவுபோல் பூப்பது நற்களிம்பு அன்று, நோய். குளோரைடு உப்பு உள்ளே புகுந்து, காற்றில் ஈரம் கூடும்போதெல்லாம் செம்பைத் தின்றுகொண்டே போகும். ஆனியும் ஆடியும் குற்றாலச் சாரலில் சுவரே வியர்க்கும் ஊரில் இது விரைவாகவே பரவும். அத்தகைய காசைத் தனியே பிரித்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிவைத்து, திருநெல்வேலி அரசு அருங்காட்சியகத்திலாவது கேட்பது நலம். கடையில் மலிவாக விற்கும் மென்மையான பி.வி.சி. உறைகளையும் தவிர்க்கலாம். அவையே நாளடைவில் பச்சைப் பிசுக்கை ஏற்றிவிடுகின்றன.

தரச்சான்றுக்கு வருவோம். இன்று வழங்கும் 70 புள்ளி அளவுகோல், அமெரிக்காவின் பழைய பெருஞ்செப்புச் சென்ட் காசுகளுக்காக வில்லியம் ஷெல்டன் 1949இல் வகுத்தது. அடிப்படையில் அது ஒரு விலைச்சூத்திரம். தேய்ந்து அடையாளம் மட்டும் தெரியும் காசு ஒரு டாலர் பெறுமானால், குறையே இல்லாதது எழுபது டாலர். (தரத்தை அளக்கக் கற்றுத்தந்த இதே மனிதர், அமெரிக்க நாணயவியல் கழகத்தின் நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு தரம் குறைந்தவற்றை அவ்விடத்தில் வைத்தவர் என்பது அவர் மறைவுக்குப் பிறகு நிறுவப்பட்டது.) 1986இல் பி.சி.ஜி.எஸ்., அடுத்த ஆண்டு என்.ஜி.சி. என்று நிறுவனங்கள் தோன்றி, காசை நெகிழிப் பெட்டிக்குள் முத்திரையிட்டு எண் கொடுக்கத் தொடங்கின. கழுவித் தேய்த்த காசுக்கு அவை எண் தருவதில்லை. 'டீட்டெயில்ஸ்' என்று குறித்து அனுப்பிவிடும். ஆக, விலைக்காகக் கழுவுபவர் விலையையும் இழக்கிறார்.

போலிகள் மலிந்த சந்தையில் இச்சான்றுக்குப் பயன் உண்டென்பதை மறுப்பதற்கில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஒருபோதும் அடிக்காத '1818ஆம் ஆண்டு ராமர் காசை', அரிசியை இழுக்கும் காசென்று சொல்லி இலட்சக்கணக்கில் விற்கும் நாடு இது. அரிய பொற்காசை விற்பவரும் வாங்குபவரும் மூன்றாமவர் ஒருவரை நாடுவது நியாயமே. ஆனால் பாட்டி வைத்துவிட்டுப்போன சங்குக் காசுக்கு? கட்டணம் காசின் விலையைப் பன்மடங்கு மிஞ்சும். அதைவிட நம்மை உறுத்துவது வேறொன்று. புழங்குவதற்காக அடிக்கப்பட்ட பொருளில், புழங்காததற்கே இங்கு உயர்ந்த எண். வாசிக்கப்படாத புத்தகத்துக்கு முழு மதிப்பெண் தருவதைப் போன்றது இது. அரியங்காவு வழியே மிளகும் அரிசியும் போய்வந்தபோது எத்தனையோ மடிகளில் தேய்ந்த சக்கரம், அந்த அளவுகோலில் பத்தைத் தாண்டினாலே அதிகம்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைக்கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த நாணயம் தொல்பொருள். தனியார் அதை நாட்டைவிட்டு வெளியே அனுப்ப முடியாது. மூலம் திருநாள் ஆட்சி 1924இல் முடிந்தது. ஆகவே அவர் காலத்துக் காசுகள் யாவும் இப்போது அந்த வரம்புக்குள் வந்துவிட்டன. சித்திரைத் திருநாள் காலத்தவை இன்னும் வரவில்லை. அயல்நாட்டு நிறுவனத்துக்கு அஞ்சலில் அனுப்பிவிடலாம் என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு வருபவர்களுக்கு இது தெரிவதே இல்லை. வீட்டுக்கு வானம் தோண்டும்போது புதையலாகக் கிடைத்தவற்றுக்கு 1878ஆம் ஆண்டுச் சட்டம் தனி. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ளதானால் ஆட்சியருக்கு அறிவித்தாக வேண்டும்.

கழுவாமலும் அனுப்பாமலும் என்னதான் செய்வது என்று மாணவி கேட்டாள். ஒரு காகித உறையில் இட்டு, யார் வீட்டில், எந்த ஊரில், எதனோடு சேர்ந்து இருந்தது என்று உறைமேல் எழுதச் சொன்னோம். துலக்கிய காசுக்கும் அதையே செய்யச் சொன்னோம். துலக்கியது என்பதையும் எழுத வேண்டும். அவளுடைய பாட்டி பிறந்த செங்கோட்டை வீட்டில் இன்னும் ஒரு தகர டப்பா நிறைய இருக்கிறதாம், யாரும் தொடாமல். சாரல் முடிந்து வெயில் வந்த பிறகு திறந்து பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறோம்.