கயிறு பிடிப்பார் யார்?

நம் தூத்துக்குடியில் அரசினர் நடத்திய முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றது. ஆயினும் அதன் முறைமையை அறியாதார் இவ்வூரில் அரியர். குளிப்போன் கல்லின் பாரத்தால் அடியாழம் சேர்வான். தோணியில் நிற்போன் கயிற்றைப் பிடித்திருந்து, கீழிருந்து அசைப்பு வந்தவுடன் இழுப்பான். கீழுள்ளான் மூச்சு மேலுள்ளான் கையில் இருந்தது. ஆதலின் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தான் கையிற் கொடுப்பதே வழக்கம் என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கின்றேன். தன் தங்கை தாலியைக் காக்க அவனினும் விழிப்பாயிருப்பார் உண்டோ!

இதனை யான் நினைத்தற்குக் காரணம் உண்டு. மாலுமியில்லாப் படகொன்று மும்பையினின்று நம் தூத்துக்குடிக்குத் தானே வழிகண்டு 1500 கிலோமீட்டர் வரும் பயணத்தை, 2024 அக்டோபரில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் தொடங்கி வைத்தார். அதனை அமைத்தோர் சாகர் டிஃபென்ஸ் எஞ்சினியரிங் என்னும் நம் நாட்டு நிறுவனத்தார். மனிதர் தலையீடில்லை என்பதையே நண்பர் பலரும் வியந்தனர். யானும் வியந்தேன், ஆனால் வியப்பு வேறு, நம்பிக்கை வேறு.

ஓட்டிப் பார்த்துத் தவறாதிருந்தால் ஐயம் எதற்கு என்பர் சிலர். நூறு நாள் ஓடியது, கச்சான் காற்று மிக்கு, விளக்கணைந்த வள்ளமொன்று குறுக்கிடும் நூற்றோராம் இரவைப் பற்றி என்ன கூறும்?

அமெரிக்காவிற் கொலராடோ பல்கலைக்கழகக் கணினியியற் பேராசிரியர் ஸ்ரீராம் சங்கரநாராயணன் ஆராய்ச்சி இங்கே கருதத்தக்கது. நீரிழிவு நோயர்க்கு இன்சுலினை அளந்து தானே செலுத்தும் கருவியை அவரும் உடனுழைப்பாரும் ஆராய்ந்தனர். கருவி நன்கு இயங்குதலைக் காட்டுவதன்று அவர்கள் முறை. அது பிழைபடும் இடத்தைத் தேடுவது. உணவின் அளவு, உணரியின் தவறு முதலியவற்றைக் கணினியிற் பலவாறு மாற்றி, குருதியின் சர்க்கரை அபாய எல்லையைக் கடக்கும் வழி உண்டோ எனத் துருவுவர். அகப்படின், நோயாளிக்கு நேர இருந்த விபத்துக் கணினியோடு கழிந்தது.

படகிற்கும் இதுவே வேண்டும். மன்னார் வளைகுடாவில் இத்தகைய கலங்களை வழக்கமாக விடுமுன், எந்நிலையில் அவை தவறும், தவறின் தாமே நிற்குமோ, கரையிலிருந்து நிறுத்த வல்லார் யாவர் என்பவற்றை வலைத்தொழிலாளர் படிக்கும் தமிழில் வெளியிடவேண்டும். தமிழ் கற்கும் நமக்கு இதில் என்ன வேலை என்பீராயின், அவ்வெழுத்தைத் தெளிவாக ஆக்கித் தருதலே வேலை.

நாட்டின் பாதுகாப்பு இரகசியம் என்று மறுப்பாரும் உளர். ஆயுத மறைவை யாரும் கேட்கவில்லை. எதிரே வரும் கலம் நம் வள்ளத்தைக் காணுமா, கண்டால் எப்பக்கம் விலகும் என்பவற்றையே கேட்கின்றோம்.