‘எஸ்.ஓ.எஸ்.’ என்று எழுதிவிட்டால் போதுமா?

“டாக்டர் எழுதியதை நேரத்துக்குக் கொடுத்தால் போதும். குழந்தையின் வலியை அளக்க நர்சுக்குத் தனிப் பயிற்சி எதற்கு?” செவிலியர் தின மேடைகளில் யாராவது ஒரு பெரிய டாக்டர் இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்குவதைப் பல வருஷமாகக் கேட்டுவருகிறேன். குழந்தைகள் அறுவை வார்டில் வேலை பார்க்கிறவளுக்கு இது பொறுக்கவில்லை.

எழுதியதைக் கொடுத்தால் போதுமாம். எழுதுவது என்ன? பாரசிட்டமாலுக்கு மணிக்கணக்கு இருக்கும். அதைவிட வலுவான மருந்துக்கு எதிரே ‘எஸ்.ஓ.எஸ்.’, அதாவது தேவைப்பட்டால். தேவைப்படுகிறதா என்று நள்ளிரவில் கட்டிலருகே நின்று முடிவு செய்வது யார்? நர்ஸ்தான். அதற்கு அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார்?

1970களில் அமெரிக்காவின் அயோவாவில் ஜோ ஈலண்ட் என்ற நர்ஸ், எழுதிய மருந்து குழந்தைக்குப் போய்ச் சேர்கிறதா என்று கணக்கெடுத்தார். அறுவை முடிந்த 25 குழந்தைகளில் 21 பேருக்கு வலிமருந்து எழுதப்பட்டிருந்தது. ஒரு வேளையாவது கிடைத்தது 12 பேருக்கு. 25 பேருக்கும் சேர்த்து 24 டோஸ். ஒப்பிட்டுப் பார்த்த 18 பெரியவர்களுக்கோ 671 டோஸ்! எழுதிய மருந்து அலமாரியிலேயே இருந்தது.

“அழவில்லையே, சமத்தாகத்தானே படுத்திருக்கிறான்?” என்பார்கள். அப்பெண்டிக்ஸ் எடுத்த ஆறு வயதுப் பையனைப் பாருங்கள். முழங்காலை மடக்கி வயிற்றோடு சேர்த்திருப்பான். பல்லைக் கடித்திருப்பான். உடம்பு விறைத்திருக்கும். “வலிக்குதா தம்பி?” என்றால் “இல்ல சிஸ்டர்” என்பான், கண் மட்டும் ஊசித் தட்டிலேயே இருக்கும். வலிக்குது என்றால் ஊசி என்று அவனுக்குத் தெரியும். 1997இல் வந்த ‘ஃபிளாக்’ அளவுகோல் முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை போடச் சொல்கிறது. இந்தப் பையனின் அழுகைக்கு 0 போட்டாலும் முகம், கால், அசைவு மூன்றிலேயே பத்துக்கு ஆறு வந்துவிடும். பழகாத கண்ணுக்கு அவன் சமத்து.

பச்சைக் குழந்தைக்கு வலி தெரியாது என்போருக்கு 1987இலேயே பதில் வந்துவிட்டது. ஆக்ஸ்ஃபோர்டில் கே.ஜே.எஸ். ஆனந்த் குழுவினர் குறைமாதக் குழந்தைகளின் இதய அறுவையில் ஒரு பகுதியினருக்கு மயக்க மருந்தோடு ஃபென்டனில் என்ற வலிமருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். அது கிடைத்த குழந்தைகளுக்குச் சிக்கல்கள் குறைந்தன.

மார்ஃபின் போன்ற வலுவான மருந்தை இரண்டு நாள் கொடுத்தால் குழந்தை அடிமையாகிவிடும் என்ற பயத்துக்கு வலுவான ஆதாரம் இல்லை.

மார்ஃபினில் மூச்சு அடங்கிவிடுமே என்கிறார்கள். அந்த ஆபத்து உண்மைதான். அதனால்தான் பயிற்சி கேட்கிறோம். மருந்துக்குப் பிறகு மூச்சை எண்ணவும், மயக்கம் ஆழமாகிறதா என்று தட்டிப் பார்க்கவும், உடனே யாரைக் கூப்பிடுவது என்று அறியவும் பழகிய நர்ஸ் இருக்கும் வார்டில்தான் குழந்தைக்குத் துணிந்து மார்ஃபின் எழுத முடியும்.

நேரம் இல்லையாம். காய்ச்சலும் நாடியும் குறிக்கும் அதே சார்ட்டில் வலிக்கும் ஒரு கட்டம் போடச் சொல்கிறோம். அதை நிரப்ப ஒரு நிமிஷம் ஆகும். மருந்து கொடுத்து ஒரு மணி நேரத்துக்குள் திரும்ப வந்து பார்க்க இன்னொரு நிமிஷம்.