பென்சிலுக்கு முன்னே மண்

விஜயதசமி காலையில் யாழ்ப்பாணத்துக் கோயில்களிலும் வீடுகளிலும் ஏடு தொடக்குவார்கள். மூன்று வயதுப் பிள்ளையை மடியில் இருத்தி, தட்டில் பரப்பிய அரிசியில் அதன் சுட்டுவிரலைப் பிடித்து ‘அ’ எழுதுவிப்பார்கள். பல பிள்ளைகள் அந்த ஓர் எழுத்தோடு நிற்பதில்லை. கையை விடுவித்துக்கொண்டு அரிசியை அளையத் தொடங்கிவிடும். விரல் இடுக்கால் சிந்தவிட்டுப் பார்க்கும், அள்ளிச் சின்னக் குவியல் போடும். “சிந்தாதே” என்று பெரியவர்கள் தட்டை இழுத்துக்கொள்வார்கள்.

அந்தப் பிள்ளை அப்போது செய்ததும் படிப்புத்தான். ஆனால் பல முன்பள்ளிகளில் அதற்கு அடுத்து வருவது கோடு போட்ட கொப்பி, பென்சில், வீட்டுவேலை. மூன்றரை வயதில் ஒரு பக்கம் நிறைய ‘ஆனா’ எழுதி முடித்தால்தான் விளையாட விடுவார்கள்.

பெற்றோரின் பயம் புரியாததல்ல. முதலாம் தரத்தில் பின்தங்கக்கூடாது, ஐந்தாம் தரத்தில் புலமைப்பரிசில் பரீட்சை காத்திருக்கிறது என்ற கணக்கு அது. ஆனால் 1990களின் இறுதியில் வந்த கல்விச் சீர்திருத்தமே முதலாம், இரண்டாம் தரங்களில் வழிகாட்டலுடன் கூடிய விளையாட்டுக்கு முதலிடம் கொடுத்தது. செயற்பாடுகள் அதற்கு அடுத்தது, மேசையில் இருந்து எழுதும் வேலை அதற்கும் பிறகு. ஆறு வயதுப் பிள்ளைக்கே விளையாட்டு முதலில் என்று பாடத்திட்டம் சொல்லும்போது, மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்துவேலையை முதலில் வைப்பது என்ன நியாயம்?

கைக்கு முதலில் பலம் வேண்டும். ஒரு சிரட்டையிலிருந்து இன்னொரு சிரட்டைக்கு மணலைச் சிந்தாமல் மாற்றும் பிள்ளையின் மணிக்கட்டு திரும்பப் பழகுகிறது. புட்டுக்கு மா குழைக்கும் அம்மம்மாவிடம் ஒரு பிடி மா வாங்கி உருட்டும் பிள்ளையின் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து இயங்கப் பழகுகின்றன. பென்சிலைப் பிடிக்கப்போவதும் அதே விரல்கள்தான். மரியா மொண்டிசோரி 1939இல் இந்தியாவுக்கு வந்து அடையாற்றில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றியவர். உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய எழுத்துகளை விரலால் தடவவைத்த பிறகே பிள்ளையை எழுதச் செய்யும் முறை அவருடையது. அவர் பெயரைப் பலகையில் எழுதிவைத்திருக்கும் முன்பள்ளிகளாவது இதை நினைக்க வேண்டும்.

அடுத்தது பாவனை விளையாட்டு. யாழ்ப்பாணத்து முற்றங்களில் இதற்குச் ‘சோறு கறி விளையாட்டு’ என்று பெயர். மூன்று கல்லு வைத்தால் அடுப்பு, மணல் சோறு, முருங்கையிலை கீரைக்கறி, பூவரசமிலை தட்டு. தமிழுக்கு இது புதிதல்ல. பிள்ளைகள் மணலில் கட்டும் வீட்டுக்குச் சிற்றில் என்றும், ஆக்கும் சோற்றுக்குச் சிறுசோறு என்றும் பழந்தமிழ் தனிச்சொற்களே வைத்திருந்தது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். ஆண்டாளின் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதும், தாங்கள் பாடுபட்டுக் கட்டிய சிற்றிலைச் சிதைக்காதே என்று சிறுமியர் கண்ணனிடம் இரக்கும் இரப்பு.

சிரட்டையைப் பானை என்று வைத்துக்கொள்ளும்போது பிள்ளை, ஒரு பொருள் இன்னொன்றைக் குறிக்கலாம் என்று விளங்கிக்கொள்கிறது. ஒரு வளைகோடு ஓர் ஒலியைக் குறிக்கும் என்பதுதானே எழுத்து? ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1930களில் விளையாட்டையும் எழுத்தையும் இப்படித்தான் தொடுத்துக் காட்டினார். விளையாட்டில் பிள்ளை தன்னைத் தானே அடக்கப் பழகுவதையும் அவர் கவனித்தார். கடைக்காரராக நிற்கும் பிள்ளை, விற்கிற பனங்கட்டியைத் தானே தின்றுவிட முடியாது.

பிளாஸ்ரிக் அடுக்களையும் பொம்மை வைத்தியப் பெட்டியும் வாங்கித்தான் இதைச் செய்யவேண்டும் என்றில்லை. ஒரு கிழமைக்கு ஒரு கருப்பொருள் என்று எடுத்தால் குடாநாடே கைகொடுக்கும். முதற்கிழமை சந்தை. திருநெல்வேலிச் சந்தையையோ சுன்னாகம் சந்தையையோ காலையில் ஒருதரம் சுற்றிக் காட்டினால் போதும். மறுநாள் இரண்டு சிரட்டையும் ஒரு தடியும் கயிறும் தராசாகும், பனையோலைப் பெட்டிகள் கடையாகும். எது பாரம், எது காணாது, மிச்சக் காசு எங்கே என்று பேச்சும் கணக்கும் தாமாக வரும். ஆடிப்பிறப்புக் கிழமையில் மா பிடித்துக் கொழுக்கட்டை. இன்னொரு கிழமையில் பழைய சட்டையும் வைக்கோலும் கொண்டு வெருளி கட்டலாம். நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் கத்தரி வெருளிப் பாட்டு கூடவே இருக்கிறது. குரும்பட்டித் தேருக்கு ஈர்க்கும் குரும்பட்டியும் மட்டும் வேண்டும்.

நாடக ஆசான் குழந்தை ம. சண்முகலிங்கம் ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற சிறுவர் நாடகங்களால் யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளுக்குள் ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டுவந்தார். மட்டக்களப்பில் 1996இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் களிமண், கதை, வேடம் வழியாக மனத்தை ஆற்றிக்கொண்டார்கள். பிள்ளைக்கு விளையாட்டு எவ்வளவு வேண்டியது என்பதைப் போரின் நடுவிலும் மறக்காத சமூகம் இது. இப்போது முற்றத்துக்குக் கல்லுப் பதித்து, அழுக்காகும் என்று பிள்ளையின் கையில் கைபேசியைக் கொடுப்பது பெரிய இழப்பு.

கவனமும் தேவை. மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளை எதையும் வாயில் வைக்கும். மஞ்சாடி விதையும் கச்சானும் தொண்டையில் அடைக்கும். குன்றிமணியும் மஞ்சள் அலரி விதையும் நஞ்சு, விளையாட்டுக்கு அறவே வேண்டாம். பூனை அசுத்தப்படுத்தாதபடி மணலை மூடிவைக்க வேண்டும். விளையாடி முடிந்ததும் சிரட்டைகளைக் கவிழ்த்துவைக்காவிட்டால் தேங்கும் நீரில் டெங்கு நுளம்பு பெருகும். வாளியில் ஒரு சாண் தண்ணீர் இருந்தாலும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கவேண்டும்.

பல முன்பள்ளிகள் சனசமூக நிலையக் கட்டடங்களில் இயங்குகின்றன. அந்த வளவில் ஒரு கிடுகுக் கொட்டிலும் அதற்குள் ஒரு மணற்றொட்டியும் போட ஊரவர்களால் முடியும். ஐந்து வயதுக்கு முன் எழுத்து வீட்டுவேலை வேண்டாம் என்று மாகாணக் கல்வி அதிகாரிகள் உறுதியாகச் சொல்லவேண்டும். கொப்பியில் எத்தனை பக்கம் நிறைந்தது என்று கேட்கும் பெற்றோர், இன்று என்ன கடை போட்டாய், யார் வாங்க வந்தார்கள் என்று பிள்ளையிடமே கேட்டுப் பார்க்கலாம். வருகிற விஜயதசமிக்கு ‘அ’ எழுதி முடிந்ததும், அந்த அரிசித் தட்டை இன்னும் அரைமணி நேரம் பிள்ளையின் முன்னால் வைத்திருங்கள்.