கல்லாவில் யார்?

திருவேங்கடம் கடைத்தெரு மாறிப்போச்சே என்று உருகுகிறார்கள். யாருக்கு இழப்பு? எங்க தாத்தா டீக்கடை வாசலில் சிரட்டையேந்தி நின்ற தெருதானே அது!

1969 ஜூலை 19இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கினார்கள். கடன் கேட்டுப் போன எங்கய்யாவிடம் "ஜாமீன் யாரு?" என்றார்கள். கையெழுத்துக்கு மறுபடியும் பண்ணையார் வாசல்தான்.

2016இல் 'ஸ்டாண்ட் அப் இந்தியா' தொடங்கினார்கள். ஒவ்வொரு வங்கிக் கிளையும் தலித் அல்லது பழங்குடியினர் ஒருவருக்காவது 10 லட்சம் முதல் 1 கோடி வரை தொழில் கடன் தரணும்னாங்க. யாருக்குக் கிடைச்சுது?

போர்டு மாறிருச்சு, ஏடிஎம் வந்திருச்சு. சேரிக்குள்ள தேடி வர்றவன் குழுக்கடன் வசூலிக்கிறவன் மட்டுந்தான்.

இந்தத் தெருவில் எங்காளுக கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடை எத்தனை? எண்ணிச் சொல்லுங்கய்யா. அப்புறம் உருகலாம்.