நடப்பதற்கு ஒரு துண்டு

மலைநாட்டில் பல நாள் கால்நடையாகச் சுற்ற விரும்பும் நகரத்து நண்பர்கள் சிலர் ஒரு குறையைச் சொல்லி வருகின்றனர். ஹோர்ட்டன் சமவெளிக்குள் நுழையச் சீட்டு வேண்டும், இரவு தங்க வனசீவராசிகள் திணைக்களத்தின் முன் அனுமதி வேண்டும். இயற்கையைக் காண்பதற்கும் தடையா என்கின்றனர். இக்கூற்றை நாம் ஏற்கவில்லை. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் நீர் ஊறும் நிலம் அது. 1988 முதல் தேசியப் பூங்கா. கணக்கற்ற காலடிகள் ஒரே புல்வெளியில் விழுந்தால் மண் அரிக்கும். பட்டிப்பொலவிலோ ஓஹியாவிலோ இராத் தங்கி, காலையில் உள்ளே சென்று மாலைக்குள் திரும்பினால் என்ன நஷ்டம் வந்துவிடும்?

நாம் கேட்பது வேறு. கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை, 22 கட்டங்களாக, 300 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது பெக்கோ நடைபாதை. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்க உதவி நிறுவனமும் அதற்குப் பணம் தந்தன. லூல்கந்துர, கொட்டகலை, நோர்வூட், பொகவந்தலாவை என்று தேயிலைக்குள்ளேயே போகும் வழி அது. துரைமார் போட்ட பாதை என்று அதைச் சொல்வது வழக்கமாகிவிட்டது. துரைமார் மண்வெட்டி பிடித்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

பாதை வெட்டியவர்கள் அதில் விரும்பியபடி நடக்க முடிந்ததா? ஒரு தொழிலாளி அடுத்த தோட்டத்துக்குப் போக 'துண்டு' வேண்டியிருந்தது. அவன் பேரில் எவ்வளவு கடன் என்று எழுதிய சீட்டு அது. அக்கடனைத் தீர்க்கும் துரையே அவனை வேலைக்கு ஏற்கலாம். அறிவிப்பின்றித் தோட்டத்தை விட்டவனைச் சிறைக்கு அனுப்பவும் சட்டம் இருந்தது. துண்டு 1921இல் ஒழிந்தது. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து, நாட்டில் இருப்பதற்கே சீட்டில்லாதவர்களாக அம்மக்களை ஆக்கிற்று. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. மூதாதையர் காட்டு வழியே நடந்து வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை நினைவுகூர்ந்து, 2023 ஜூலை, ஆகஸ்டில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மலையக மக்கள் நடந்தார்கள். அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் காணி உரிமையும் ஒன்று.

பாதையால் ஊர் செழிக்கும் என்பாருக்கு நம் மறுமொழியும் அதுவே. வழிப்போக்கர் பணம் தரத்தான் செய்வர். பழைய துரை பங்களாக்கள் விடுதிகளாகி அதை வாங்கிக் கொள்ளும். லயத்து அறையோ தோட்டத்தின் உடைமை. வாசலில் ஒரு சார்ப்பு இறக்கித் தேநீர் விற்பதற்கும் நிர்வாகம் மனம் வைக்க வேண்டும். இந்த அனுமதியைப் பற்றி நடைப்பயண நண்பர் எவரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை.

விடுமுறையில் மாணவரை அழைத்துக்கொண்டு இப்பாதையில் செல்லும் ஆசிரிய நண்பர்கள் சமவெளிச் சீட்டை முன்கூட்டியே வாங்கி வைக்கட்டும். பொகவந்தலாவையில் ஏதேனும் ஒரு லயத்தின் முன் நின்று, இந்த வீட்டுக்குக் காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது என்றும் மாணவர் கேட்கட்டும்.