சேமித்தால் போதுமா? தேடினால் கிடைக்க வேண்டாமா?

தாளப்பாக்கம் அன்னமாச்சாரியார் பாடியவை முப்பத்திரண்டாயிரம் கீர்த்தனைகள் என்பது மரபு. அவற்றில் இன்று நமக்குக் கிடைத்திருப்பவை பாதிக்கும் குறைவு. அந்தப் பாதியும் கிடைத்ததற்குக் காரணம், அவருடைய குடும்பத்தார் பாடல்களைச் செப்பேடுகளில் பொறித்துத் திருமலைக் கோயிலுக்குள்ளேயே ஒரு சிறு அறையில் வைத்ததுதான். செம்பு அழியவில்லை, எழுத்தும் தேயவில்லை. ஆனாலும் அந்தப் பாடல்கள் நூற்றாண்டுக் கணக்கில் யார் வாயிலும் வராமல் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டில் செப்பேடுகளை வெளியே எடுத்துப் படித்து அச்சிட்ட பிறகே அவை மறுபடியும் பாட்டாயின.

சேமித்து வைப்பது வேறு, தேடி எடுப்பது வேறு என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. குடத்திலிட்ட விளக்கு என்று நம் முன்னோர் சொன்னது இதைத்தான்.

அதே திருமலையிலும் கீழே திருப்பதியிலும் கோயில் சுவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை என்பது நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கே புதிய செய்தியாக இருக்கலாம். பல்லவர், சோழர் காலம் தொடங்கி, விசயநகரப் பேரரசர்களான கிருஷ்ணதேவராயர், அச்சுதராயர், சதாசிவராயர் காலம் வரை அங்கே தமிழில் வெட்டிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். சாது சுப்பிரமணிய சாஸ்திரி, வி. விஜயராகவாச்சார்யா போன்றோரின் உழைப்பால் தேவஸ்தானம் 1931 முதல் 1938 வரை இவற்றை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. ஆங்கில மொழிபெயர்ப்பும் உடன் உண்டு. ஆக, கல்லில் இருந்தது தாளுக்கு வந்துவிட்டது. தாளிலிருந்து நம் கைக்கு வந்ததா என்பதுதான் என் கேள்வி.

நான் சித்தூரில் பிறந்து வளர்ந்தவன். பிழைப்புக்காக வெளியூர் வந்து, கணிப்பொறியில் தகவல் தளங்களைக் கட்டும் தொழிலில் பல ஆண்டுகள் கழித்தவன். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும் கருத்தை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

ஒருவர், "அந்தக் காலத்தில் பெருமாளுக்கு என்னென்ன இனிப்புப் பண்டங்கள் படைத்தார்கள்?" என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தொகுதிகள் முழுவதையும் கணிப்பொறியில் ஏற்றிவிட்டு "இனிப்பு" என்ற சொல்லைத் தேடினால் பயன் இராது. ஏனெனில் கல்வெட்டு அப்படிப் பேசுவதில்லை. அதிரசப்படி, சுகியன்படி, மனோகரப்படி, அப்பப்படி என்று பேசும். கேட்பவரின் சொல் ஒன்று, கல்லின் சொல் வேறு. பொருள் ஒன்றுதான். சொல்லைத் தேடும் கருவிக்கு இந்த உறவு தெரியாது. பொருளைத் தேடும் கருவி வேண்டும்.

அந்தக் கருவி இப்போது வந்துவிட்டது. திசையன் தேடல் என்று அதைச் சொல்லலாம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். திருப்பதி பூமியில் எங்கே இருக்கிறது என்று சொல்ல இரண்டு எண்கள் போதும்: அட்சரேகை 13.6, தீர்க்கரேகை 79.4. சித்தூருக்கு 13.2, 79.1. தில்லிக்கு 28.6, 77.2. வரைபடத்தைப் பார்க்காமலே, எண்களைப் பார்த்தே சித்தூர் திருப்பதிக்குப் பக்கம், தில்லி தூரம் என்று சொல்லிவிடலாம் அல்லவா? அதேபோல ஒரு வாக்கியத்தின் பொருளுக்கும் ஓர் இடம் கொடுக்கிறார்கள். பொருளின் உலகம் பூமியைவிடச் சிக்கலானது. எனவே இரண்டு எண்கள் போதா. கூகுள் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட லாப்சே என்ற மொழி மாதிரி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 768 எண்களைத் தருகிறது. இந்த எண் வரிசைதான் திசையன். பொருள் நெருங்கிய வாக்கியங்களின் திசையன்களும் நெருங்கி நிற்கும். எழுத்துகளை எண்களாக்கி நெருக்கம் பார்க்கும் எண்ணம் புதிதல்ல. ஜெரார்டு சால்ட்டன் குழுவினர் 1975-லேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார்கள். அன்று சொற்களை எண்ணினார்கள். இன்று ஏராளமான வாசகங்களைப் படித்துப் பழகிய மாதிரிகள் பொருளை எண்ணாக்குகின்றன.

லாப்சே 109 மொழிகளை ஒரே வெளியில் வைக்கிறது. தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு. தெலுங்கில் ஒரு கேள்வியைக் கேட்டால் அதற்கு நெருக்கமான தமிழ் வாக்கியத்தைக் கொண்டுவர அதனால் முடியும். சித்தூரையும் திருப்பதியையும் அறிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும். 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானது. 1953-இல் ஆந்திர மாநிலத்தோடு சேர்ந்தது. ம.பொ.சி. முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக 1960-இல் திருத்தணி நமக்குத் திரும்பியது. திருப்பதியும் சித்தூரும் அங்கேயே நின்றன. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமும் ஆயிற்று. எல்லைகள் இப்படி மாறிக்கொண்டே இருக்க, அங்குள்ள தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசி, பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் படித்து வளர்கிறார்கள். என் உறவுக்காரப் பிள்ளைகளிலேயே பலருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வராது. தங்கள் ஊர்க் கோயில் சுவரில் இருப்பது தங்கள் பாட்டி பேசும் மொழி என்பது அவர்களுக்குத் தெரியாது. அந்தப் பிள்ளை தெலுங்கில் கேட்டு, தமிழ்க் கல்வெட்டு பதிலாக வந்து நின்றால் எப்படி இருக்கும்!

"இதெல்லாம் பெரிய நிறுவனங்களின் வேலை, கோடிக்கணக்கில் செலவாகுமே" என்பார்கள். நான் மறுக்கிறேன். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு தொகுதிகளையும் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்தால் பத்தாயிரம் துண்டுகள் வரும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திசையனுக்கு 768 எண்கள், எண்ணுக்கு 4 பைட், ஆக 3,072 பைட். பத்தாயிரத்துக்கும் சேர்த்துச் சுமார் 30 மெகாபைட். செல்பேசியில் எடுக்கும் சில புகைப்படங்களின் அளவுதான். ஒரு கேள்வியைப் பத்தாயிரம் துண்டுகளோடும் ஒப்பிட ஏறத்தாழ 77 லட்சம் பெருக்கல்கள். சாதாரண மேசைக் கணிப்பொறி கண் இமைக்கும் நேரத்தில் முடித்துவிடும்.

கோடிக்கணக்கான திசையன்கள் இருந்தால்தான் குறுக்குவழி வேண்டும். ரஷ்ய ஆய்வாளர்கள் மால்கோவ், யஷூனின் இருவரும் 2016-இல் வெளியிட்ட அடுக்கு வலைப்பின்னல் முறை அப்படிப்பட்டது. வழி கேட்டுப் போகிறவன் முதலில் மாவட்டம், பிறகு ஊர், பிறகு தெரு என்று நெருங்குவது போல அது நெருங்கும். வேகம் உண்டு, ஆனால் சில சமயம் உண்மையான பக்கத்து வீட்டைத் தவறவிட்டுவிடும். நம்முடைய சிறு தொகுப்புக்கு அந்தக் குறுக்குவழியே தேவையில்லை. எல்லாவற்றையும் ஒப்பிட்டே பார்க்கலாம், எதுவும் விடுபடாது.

கருவிகளும் இலவசமாகவே கிடைக்கின்றன. பேஸ்புக் 2017-இல் வெளியிட்ட ஃபெய்ஸ் என்ற நிரல் நூலகம் இருக்கிறது. போஸ்ட்கிரெஸ் தகவல் தளத்தோடு சேரும் பிஜிவெக்டர் 2021 முதல் இருக்கிறது. ஒற்றைக் கோப்பிலேயே முழுத் தளத்தையும் வைக்கும் எஸ்க்யூலைட்டுக்கும் திசையன் இணைப்பு வந்துவிட்டது. எதை எடுத்தாலும் அடிப்படை வேலை இரண்டுதான்: சேர்ப்பது, தேடுவது. வேலை எளிது என்பதால் பொறுப்பும் குறைவு என்று எண்ணிவிடக் கூடாது. தொழிலில் பட்டறிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, திசையனை மட்டும் தனியே வைக்கக் கூடாது. மூல வாசகம், தொகுதி எண், கல்வெட்டு எண், அரசர், ஆண்டு, இடம் எல்லாம் அதன் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அப்போதுதான் "அச்சுதராயர் காலத்தில் மட்டும் தேடு" என்று வரம்பு கட்ட முடியும். அதோடு, ஒரு மாதிரி தந்த திசையனை இன்னொரு மாதிரி தந்த திசையனோடு ஒப்பிட முடியாது. நாளை நல்ல மாதிரி வந்தால் எல்லாவற்றையும் மறுபடி கணக்கிட வேண்டும். வாசகம் கையில் இருந்தால் அது ஒரு மணி நேர வேலை. இல்லாவிட்டால் எஞ்சுவது அர்த்தமற்ற எண் குவியல்.

இரண்டாவது, துண்டு போடும்போது கவனம் வேண்டும். கொடை கொடுத்தவர் பெயர் ஒரு துண்டிலும், கொடுத்த பொருள் வேறு துண்டிலும் போய்விட்டால் இரண்டுமே அனாதைகள். கல்வெட்டின் தலைப்புச் செய்தியை ஒவ்வொரு துண்டோடும் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, எண்ணையும் பெயரையும் இந்த முறையிடம் நம்பி விடக் கூடாது. நற்பணம் ஆயிரம் கொடுத்தவரும் பத்தாயிரம் கொடுத்தவரும் திசையனுக்கு ஏறக்குறைய ஒருவர்தான். அதற்குப் பழைய சொல் அகரவரிசையே சரி. இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் அறிவுடைமை. புது மாடு வந்தது என்று பழைய மாட்டை விற்றுவிட வேண்டாம்.

நான்காவதுதான் மிக முக்கியமானது. "இல்லை" என்று சொல்ல இந்தத் தேடலுக்குத் தானாகத் தெரியாது. பதினைந்தாம் நூற்றாண்டுக் கல்வெட்டுகளிடம் ரயில் வண்டியைப் பற்றிக் கேட்டாலும் இருப்பதில் நெருக்கமானது என்று ஐந்தைக் கொண்டுவந்து கொடுக்கும். எனவே எவ்வளவு நெருக்கம் என்ற அளவையும், கல்வெட்டின் மூல வாசகத்தையும் கூடவே காட்ட வேண்டும். தீர்ப்புச் சொல்வது படிக்கிறவர் வேலை. கல்வெட்டறிஞர் இருக்க இயந்திரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். ஆயிரத்திலிருந்து பத்தை எடுத்து முன்னே வைப்பது இயந்திரம். அந்தப் பத்தையும் படிப்பது அறிஞர்.

இன்னொன்றும் உண்டு. இந்த மாதிரிகள் படித்துப் பழகியது இன்றைய தமிழை. கிரந்த எழுத்து கலந்த, அளவைச் சொற்களும் கோயில் சொற்களும் நிறைந்த கல்வெட்டுத் தமிழில் அவை தடுமாறும். எவ்வளவு தடுமாறும் என்பதை வாதம் செய்து அறிய முடியாது. அளந்துதான் அறிய வேண்டும். கல்வெட்டு தெரிந்தவர்கள் நூறு கேள்விகளும் அவற்றுக்குரிய கல்வெட்டு எண்களும் எழுதித் தரட்டும். முதல் பத்துப் பதில்களுக்குள் சரியானது எத்தனை முறை வருகிறது என்று பார்ப்போம். இந்த நூறு கேள்விப் பட்டியல் கருவியைவிட அதிக மதிப்புள்ளது. கருவியை யாரும் செய்வார்கள். இந்தப் பட்டியலை நாம்தான் செய்ய முடியும்.

இதனால் உணவுப் பட்டியல் மட்டும்தான் கிடைக்குமா? அமெரிக்க வரலாற்றறிஞர் பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் இந்தத் திருப்பதிக் கல்வெட்டுகளை வைத்து ஓர் அரிய கட்டுரை எழுதினார். பக்தர் கொடுத்த பணத்தைக் கோயில் பெட்டியில் பூட்டி வைக்கவில்லை; கோயில் கிராமங்களில் ஏரியும் கால்வாயும் வெட்டச் செலவிட்டது; பெருகிய விளைச்சலிலிருந்து நைவேத்தியம் நடந்தது என்று காட்டினார். மழை பொய்க்கும் சித்தூர்ச் சீமைக்கு இது பழங்கதையா? எந்த ஊரில் எந்த ஏரி, யார் பணத்தில் என்பது இன்றைய உழவனுக்கும் பொறியாளனுக்கும் வேண்டிய செய்தி. அதைத் தேட ஒரு பேராசிரியரின் வாழ்நாள் தேவைப்படக் கூடாது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். "பார், எல்லாம் தமிழ்" என்று சண்டை போட இந்தக் கருவியைச் செய்ய வேண்டாம். எல்லைக் கணக்கை அரசியல் எப்போதோ தீர்த்துவிட்டது. கிருஷ்ணதேவராயரே தமிழ், தெலுங்கு, கன்னடம் என்று பல மொழிகளில் அங்கே வெட்டி வைத்தவர். அந்தச் சுவர் எல்லாருக்கும் பொது. தெலுங்கு அன்பர் ஒருவர் தம் மொழியில் கேட்டு நம் மொழிக் கல்வெட்டைக் கண்டு வியந்தால், அது நூறு மேடைப் பேச்சுக்குச் சமம்.

நம் சங்கம் செய்யக் கூடியது இது: முதல் தொகுதியைத் தட்டச்சு செய்து பிழை திருத்தும் செலவை ஏற்பது, திருப்பதியிலும் சென்னையிலும் உள்ள அறிஞர்களிடம் நூறு கேள்விகளைக் கேட்டு வாங்குவது, வாசகமும் திசையனும் அடங்கிய ஒற்றைக் கோப்பை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ள வைப்பது. 1998-இல் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் சுவிட்சர்லாந்திலிருந்து மதுரைத் திட்டத்தைத் தொடங்கியபோது கையில் இருந்ததும் தன்னார்வலர்களின் தட்டச்சுப் பலகைகள்தாம். அந்த உழைப்பில் வந்த தமிழ் நூல்களை இன்று உலகமே படிக்கிறது. ஆண்டுவிழா மலருக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை அடுத்த பொதுக்குழுவில் இதற்கென ஒதுக்கினால், முதல் தொகுதியை இந்த ஆண்டே தொடங்கிவிடலாம்.